லாரியின் முதுகை இழுக்கும் காற்றை அளந்து பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசல் செலவைக் குறைக்கும் என்று சொல்லி லாரி உரிமையாளர்களிடம் விற்கப்படும் பொருள்கள் பெருகிவிட்டன. கேபின் கூரையில் ஒட்டும் சிறு துடுப்புகள், பாடியின் பக்கவாட்டில் ஒட்டும் குழி போட்ட படலம், கேபின் மேல் பொருத்தும் வளைந்த தடுப்பு என்று பல. 15 விழுக்காடு மிச்சம், 20 விழுக்காடு மிச்சம் என்ற பேச்சும் கூடவே வருகிறது. இவற்றில் சில உண்மையாகவே பயன் தரும். சிலவற்றால் ஒரு பயனும் இல்லை. எது எந்த வகை என்பதை, லாரி பாடி கட்டும் நாமக்கல் வட்டாரத்துக்கு அருகிலேயே அளந்து சொல்லிவிட முடியும். வானூர்திப் பொறியியல் கற்பிக்கும் நம் கல்லூரிகளில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது; சிறு மாதிரியை நிறுத்தி, அதன் மேல் காற்றைப் பாய்ச்சி விசையை அளக்கும் கூடம் அது. அளக்கும் முறையும் நூறாண்டுப் பழக்கமுள்ளது. இருந்தும் அளக்காமலே வாங்குகிறார்கள், அளக்காமலே விற்கிறார்கள். இது பற்றிச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறோம்.

முதலில் கணக்கு. 2.5 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரம் கொண்ட லாரியின் முகப்புப் பரப்பு 9 சதுர மீட்டர். ஒரு வடிவத்தைக் காற்று எவ்வளவு இழுக்கும் என்பதைக் காட்டும் எண் இழுவைக் கெழு; பெட்டி வடிவ லாரிக்கு அது 0.8 என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.16 கிலோ. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்று இந்த லாரியைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 1,160 நியூட்டன். 80 கி.மீ. வேகத்தில் 2,060. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் விசை முக்கால் பங்குக்கும் மேல் கூடுகிறது. அதை வெல்ல எஞ்சின் தர வேண்டிய திறனோ 19 கிலோவாட்டிலிருந்து 46 கிலோவாட்டுக்குத் தாவுகிறது.

டயரின் உருள்தடை இப்படி வேகத்தோடு ஏறுவதில்லை. மொத்த எடை 25 டன், உருள்தடை எடையில் ஆயிரத்துக்கு 7 என்றால் அது சுமார் 1,720 நியூட்டன். ஆக, பாரம் ஏற்றிய லாரி சமதரையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது மொத்தத் தடையில் காற்றின் பங்கு 40 விழுக்காடு. 73 கி.மீ. வேகத்தில் காற்றும் டயரும் சமம். அதற்கு மேல் காற்றின் கைதான் ஓங்கும். காலியாகத் திரும்பும் 10 டன் லாரிக்கு 60 கி.மீ. வேகத்திலேயே காற்றின் பங்கு 60 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பாரம் இல்லாதபோது காற்றைப் பற்றிக் கவலை இல்லை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. கணக்கு நேர்மாறாக இருக்கிறது.

இந்த 40 விழுக்காடு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி விளம்பரங்களை உட்கார்ந்த இடத்திலேயே சோதித்துவிடலாம். 60 கி.மீ. வேகத்தில் ஓடும் பார லாரிக்கு 20 விழுக்காடு டீசல் மிச்சம் என்றால் காற்றின் இழுவை பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். கூரையில் ஒட்டிய நான்கு துடுப்புகளால் அது நடக்காது. இழுவை 10 விழுக்காடு குறைந்தால் டீசலில் 3 விழுக்காடு எதிர்பார்க்கலாம். மலைப்பாதையும் நகர நெரிசலும் கூடுமிடத்தில் அதுவும் குறையும். லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் வண்டி மாதம் 8,000 கி.மீ. ஓடினால் 3 விழுக்காடு என்பது 60 லிட்டர். சிறு எண்தான், ஆனால் மாதாமாதம் கைக்கு வரும் எண்.

காற்று எங்கே பிடித்து இழுக்கிறது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். விமானத்தின் இழுவையில் ஏறத்தாழப் பாதி, தோலை உரசும் காற்றால் வருவது. பெட்டி வடிவ லாரியில் உரசலின் பங்கு மிகச் சிறிது. முன்சுவரில் காற்று மோதி அழுத்தம் கூடுகிறது, பின்சுவருக்கு அப்பால் காற்று பிய்ந்து சுழன்று அழுத்தம் குறைகிறது. இந்த வித்தியாசம்தான் லாரியைப் பின்னுக்கு இழுக்கிறது. ஜெர்மனியில் எஸ்.ஆர். அகமது என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. 1,044 மி.மீ. நீளமுள்ள எளிய உருவம் ஒன்றைச் செய்து அதன் பின்புறக் கூரைச் சரிவை மட்டும் மாற்றி மாற்றி அளந்தார்கள். மொத்த இழுவையில் பெரும்பங்கு அழுத்த வித்தியாசத்தால் வந்தது. அதிலும் பெரும்பகுதி பின்பக்கத்தில் உண்டானது. சரிவு 30 டிகிரியை நெருங்கியபோது இழுவை உச்சத்துக்கு ஏறி, அதைத் தாண்டியதும் சடாரென்று விழுந்தது. ஒன்றிரண்டு டிகிரி தவறினால் லாபம் நட்டமாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை. பின்பக்கத்தைக் கண்ணளவில் வளைக்கக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

குழி போட்ட படலத்துக்கு வருவோம். கோல்ஃப் பந்தின் குழிகள் வேலை செய்வது உண்மை. உருண்டைப் பரப்பில் காற்று எந்த இடத்தில் பிரியும் என்பது நிலையானதல்ல. பரப்பை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலத்தைக் குழிகள் கொந்தளிக்கச் செய்கின்றன. கொந்தளித்த படலம் சற்றுப் பின்னே போய்ப் பிரிகிறது. பந்தின் பின்னால் சுழலும் பகுதி சிறுக்கிறது. லாரிப் பெட்டிக்கோ பின்விளிம்பு கத்தி போல நறுக்கென்று முடிகிறது. காற்று அங்கேதான் பிரிந்தாக வேண்டும். பக்கவாட்டில் எத்தனை குழி போட்டாலும் அந்த இடம் நகராது. சுறாத்தோல் போன்ற நுண்வரிப் படலமும் உண்மையான அறிவியல்தான். நாசாவின் லாங்லி மையத்தில் 1980களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகளில், ஓட்டத் திசையில் போட்ட நுண்ணிய வரிகள் கொந்தளிப்பு உரசலை 8 விழுக்காடு வரை குறைத்தன. லுஃப்தான்சா டெக்னிக் நிறுவனம் 50 மைக்ரான் அளவு வரிகள் கொண்ட படலத்தைப் பெரிய விமானங்களில் ஒட்டுகிறது. கிடைக்கும் எரிபொருள் மிச்சம் சுமார் 1 விழுக்காடு. உரசல் பாதியாக உள்ள விமானத்துக்கே இவ்வளவுதான். உரசல் சிறுபங்காக உள்ள லாரியில், புழுதி படிந்து வரிகள் தூர்ந்துபோகும் நம் சாலையில், அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

பணம் போட வேண்டிய முதல் இடம் பெட்டியின் முன்விளிம்பு. கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் இருந்த நாசா டிரைடன் மையத்தின் பொறியாளர்கள் 1970களில் ஒரு வேனைச் சுற்றித் தகடு அடித்து, எல்லா மூலையும் 90 டிகிரியாக உள்ள பெட்டியாக்கி ஓட்டினார்கள். பிறகு மூலைகளை உருட்டினார்கள். இழுவை ஏறத்தாழப் பாதியானது. நம் பட்டறைகளில் முன்சுவரை ஆங்கிள் இரும்போடு தகடு மடித்து நேர்மூலையாக முடிப்பதுதான் வழக்கம். 125 முதல் 150 மி.மீ. ஆரத்தில் உருட்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் கிடைக்கக்கூடிய பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். சரக்கு இடம் போய்விடுமே என்று கேட்பார்கள். 2.4 மீட்டர் உயரமுள்ள இரண்டு நிமிர்ந்த விளிம்புகளையும் 2.5 மீட்டர் நீளமுள்ள மேல்விளிம்பையும் 150 மி.மீ. ஆரத்தில் உருட்டினால் இழக்கும் கொள்ளளவு 35 லிட்டர். இரண்டு தண்ணீர்க் கேன் அளவுகூட இல்லை. ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: கேபின் முன்னால் நின்று பெட்டியின் கீழ்ப்பகுதியை மறைப்பதால் நம் லாரிகளில் இழுவை பாதியாகிவிடாது. கேபினுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கும் பக்கங்களுக்கும்தான் பயன்.

கூரைத் தடுப்பு நல்ல பொருள், உயரம் பொருந்தினால். தடுப்பின் உச்சியை விட்டுக் கிளம்பும் காற்று பெட்டியின் மேல்விளிம்பை ஒட்டிச் சேர வேண்டும். தாழ்ந்திருந்தால் முன்சுவரில் மோதும். உயர்ந்திருந்தால் முகப்புப் பரப்பையே பெரிதாக்கிக்கொள்கிறோம். உயரமான பெட்டிக்குச் செய்த தடுப்பைத் திறந்த பாடி லாரியில் மாட்டிக் காலியாக ஓட்டினால் நட்டம்தான். திறந்த பாடி காலியாகத் திரும்பும்போது காற்று உள்ளே விழுந்து பின்பலகையில் மோதுகிறது. தார்ப்பாயைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி மூடுவது செலவில்லாத மருந்து. தார்ப்பாய் படபடத்தால் பயன் போய்விடும். கயிறு 50 செ.மீ.க்கு ஒன்றாக இருக்கட்டும்.

பின்புறத்தின் மேல்விளிம்பிலும் இரு பக்க விளிம்புகளிலும் 600 மி.மீ. நீளப் பலகைகளை உட்பக்கமாக 10 முதல் 13 டிகிரி சாய்த்துப் பொருத்தினால் இழுவையில் 5 முதல் 10 விழுக்காடு குறைய வாய்ப்புண்டு. 20 டிகிரிக்குச் சாய்த்தால் காற்று பலகையைப் பின்பற்றாமல் பிய்ந்துகொள்ளும், கிடைத்தது கைநழுவும். கீல் தளர்ந்து பலகை ஆடினாலும் அப்படியே. பின்விளக்கும் எண் பலகையும் மறையக் கூடாது.

இனி, கல்லூரிச் சுரங்கத்தில் இதை அளப்பது எப்படி, எங்கே தவறும் என்பது. 600 மி.மீ. சதுரச் சோதனை அறை என்று எடுத்துக்கொள்வோம். 25இல் ஒரு பங்கு மாதிரியின் முகப்பு 100 மி.மீ.க்கு 144 மி.மீ.; அது அறையின் 4 விழுக்காட்டை அடைக்கும். 5 விழுக்காட்டுக்கு மேல் போனால் மாதிரிக்கும் சுவருக்கும் நடுவே காற்று நெருக்கப்பட்டு, இழுவை பொய்யாகக் கூடும். விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், காற்றின் வேகத்தை அழுத்தமாக உணரும் பிட்டோ குழாயோடு இணைத்த நீர்மானி 53 மி.மீ. காட்டும். மாதிரியின் மேல் விழும் இழுவை சுமார் 6 நியூட்டன், அதாவது 600 கிராம் எடைக்குச் சமம். 3 விழுக்காடு மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் 18 கிராமைப் பிரித்தறிய வேண்டும். 20 கிலோ அளக்கும் லோடு செல் (விசையை மின்னளவாகக் காட்டும் உணரி) இதற்கு உதவாது. 2 கிலோ செல் போதும். வெப்பத்தில் அதன் பூச்சியம் நகரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் காற்றை நிறுத்திப் பூச்சிய அளவைக் குறித்து, இரண்டுக்கும் 5 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிட வேண்டும்.

அதிகம் பேர் தவறும் இடம் தரை. சுரங்கத்தின் தரையை ஒட்டி 1 மீட்டர் ஓடி வந்த காற்றின் எல்லைப் படலம் 20 மி.மீ. தடிமன் ஆகிவிடும். மாதிரி லாரியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் அவ்வளவுதான். லாரிக்கு அடியில் உண்மையில் பாய வேண்டிய காற்று அங்கே சோம்பிக் கிடக்கும். மாதிரியைச் சுரங்கத் தரையில் வைக்காமல், முன்விளிம்பு கூராக்கிய பலகையைத் தரைக்கு மேல் தூக்கி நிறுத்தி, அந்த விளிம்பிலிருந்து 300 மி.மீ. தள்ளி வைத்தால் படலம் 8 மி.மீ.க்குள் நிற்கும். சக்கரங்கள் பலகையைத் தொடக் கூடாது. தொட்டால் விசை பலகைக்கு இறங்கி, லோடு செல் குறைத்துக் காட்டும். 1 மி.மீ. இடைவெளி விட்டு, காகிதத் துண்டைச் செருகிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

அடுத்தது ரெனால்ட்ஸ் எண்: பொருளின் அளவு, வேகம், காற்றின் பிசுப்பு மூன்றையும் சேர்த்து, ஓட்டத்தின் தன்மையைக் காட்டும் எண். 60 கி.மீ. வேகத்தில் ஓடும் லாரிக்கு அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் 26 லட்சம். நம் மாதிரிக்கு 1.9 லட்சம். கூர்விளிம்பு உள்ளவரை இந்த 14 மடங்கு வித்தியாசம் பெரிதாகக் கெடுக்காது, காற்று பிரியும் இடத்தை விளிம்பே முடிவு செய்துவிடுவதால். உருட்டிய விளிம்பில்தான் சிக்கல். 150 மி.மீ. ஆரம் மாதிரியில் 6 மி.மீ. ஆகிறது. சாலையில் அந்த வளைவை ஒட்டித் திரும்பும் காற்று, மாதிரியில் பிய்ந்துபோகும். "உருட்டிப் பயனில்லை" என்று மாணவர் அறிக்கை எழுதிவிடுவார், பட்டறைக்காரர் நம்பிவிடுவார். வளைவு தொடங்குமிடத்துக்குச் சற்று முன் 5 மி.மீ. அகல உப்புத்தாள் பட்டையை ஒட்டி எல்லைப் படலத்தைக் கொந்தளிக்கச் செய்வது ஒரு வழி. வேகத்தை 15, 20, 25, 30 மீட்டர் என்று ஏற்றி, கெழு மாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். நகர்ந்துகொண்டே இருந்தால் அந்த எண்ணைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது. முடிவாகத் தெரிய வேண்டுமென்றால் பெரிய மாதிரிதான். கான்பூர் ஐ.ஐ.டி.யில் உள்ள தேசியக் காற்றுச் சுரங்கத்தின் சோதனை அறை 3 மீட்டருக்கு 2.25 மீட்டர். அங்கே 6இல் ஒரு பங்கு மாதிரியை விநாடிக்கு 60 மீட்டரில் நிறுத்தினால் சாலையில் உள்ள ரெனால்ட்ஸ் எண்ணின் 60 விழுக்காட்டுக்கு வந்துவிடலாம்.

சுரங்கக் காற்றின் கொந்தளிப்பையும் அளந்தாக வேண்டும். பாரிசில், கோபுரத்தால் பெயர் பெற்ற பொறியாளர் எஃபெல் அளந்த உருண்டையின் இழுவைக் கெழு, ஜெர்மனியின் கோட்டிங்கனில் கிடைத்ததில் பாதிகூட இல்லாமல் இருந்தது. யாரும் தவறாக அளக்கவில்லை. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் உருண்டையின் கெழு திடீரென்று வீழ்வதை எஃபெல் 1912இல் கண்டார். கோட்டிங்கன் ஆய்வாளர் பிராண்டல் 1914இல் உருண்டையின் மேல் மெல்லிய கம்பி வளையத்தைச் சுற்றி, எல்லைப் படலம் கொந்தளிப்பதே காரணம் என்று காட்டினார். அதே பந்து இன்றும் மலிவான கருவி. 150 மி.மீ. விட்டமுள்ள மழமழப்பான பந்துக்கு, அமைதியான காற்றில் கெழு 0.3ஐக் கடந்து இறங்குவது ரெனால்ட்ஸ் எண் 3,85,000இல், அதாவது விநாடிக்குச் சுமார் 41 மீட்டரில். உங்கள் சுரங்கத்தில் அது 30 மீட்டரிலேயே இறங்கினால் காற்று ஏற்கெனவே கொந்தளித்து வருகிறது என்று பொருள். லாரிக்கு அது கெடுதலும் அல்ல, சாலைக் காற்று அப்படித்தான் வருகிறது. ஆனால் எவ்வளவு என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். வசதியுள்ள ஆய்வகம் 5 மைக்ரான் டங்ஸ்டன் கம்பியால் ஆன சூட்டுக்கம்பி மானியால் நேராகவே அளக்கலாம்.

நேர்க்காற்றில் மட்டும் அளந்து நிறுத்தினால் பாதி வேலைதான். 60 கி.மீ. வேகத்தில் ஓடும் லாரியின் மேல் மணிக்கு 11 கி.மீ. பக்கக் காற்று வீசினால், லாரி காணும் காற்று 10 டிகிரி சாய்வாக வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் ஓடுபவர்களுக்கு அது சாதாரணத் தென்றல். மாதிரியை இருபுறமும் 12 டிகிரி வரை 3 டிகிரி வீதம் திருப்பி அளக்க வேண்டும். இடதும் வலதும் ஒத்துவரவில்லை என்றால் மாதிரி கோணலாக நிற்கிறது. கேபினுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியை அடைப்பதன் பயன் நேர்க்காற்றில் மிகச் சிறிதாகத் தெரியும்; சாய்காற்றில்தான் முழுதாக வெளிப்படும்.

சுரங்கத்தில் தேறியதைச் சாலையில் உறுதி செய்ய நியூட்ரலில் உருளவிடும் சோதனை உண்டு. பொதுச்சாலையில் வேண்டாம், ஓரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தில் சோதனைத் தடங்கள் இருக்கின்றன. எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்குக்குக் காற்று ஏறாது, பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். அரை மணி நேரம் ஓட்டி டயரைச் சூடாக்கி, காற்றழுத்தம் சரிபார்த்து, எடைமேடையில் எடை போட்டுத் தொடங்க வேண்டும். 75 கி.மீ. வேகத்திலிருந்து 65க்கு இறங்க 25 டன் லாரிக்கு ஆகும் நேரம் சுமார் 21 விநாடி. இழுவை 10 விழுக்காடு குறைந்தால் 22 விநாடி. நாம் தேடுவது இந்த ஒரு விநாடியை. ஜி.பி.எஸ். பதிவுக் கருவி இல்லாமல் கைக்கடிகாரத்தில் இது அகப்படாது. காலி லாரியில் அதே குறைப்பு 12.3 விநாடியை 13.2 ஆக்கும், விகிதத்தில் வித்தியாசம் கூடுதலாகத் தெரிவதால் காலியாகவே சோதிப்பது நல்லது.

கெடுப்பவை இரண்டு. ஒன்று சரிவு. கிலோமீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 25 டன் லாரியை அது 245 நியூட்டன் விசையோடு முன்னே தள்ளும். 70 கி.மீ. வேகத்தில் நாம் தேடும் 10 விழுக்காடு குறைப்போ 158 நியூட்டன்தான். மற்றது காற்று. விநாடிக்கு 2 மீட்டர் எதிர்காற்று இழுவையை 22 விழுக்காடு கூட்டிவிடும். போகும் திசையிலும் வரும் திசையிலும் மாறி மாறி ஓட்டிச் சராசரி எடுத்தால் சரிவு முழுதும் கழிந்துவிடும், காற்றால் வரும் பிழை 1 விழுக்காட்டுக்குள் அடங்கும். ஒரே திசையில் ஓட்டிப் பெற்ற எண் எதற்கும் ஆகாது.

டீசலையே நேராக அளக்க விரும்புவோர் இரண்டு லாரிகளை ஓட்ட வேண்டும். ஒன்றில் எதையும் மாற்றாமல், மற்றதில் மட்டும் பொருளை மாட்டி, ஒரே நேரத்தில், ஒரே பாதையில், ஒரே பாரத்தோடு. தனித்தொட்டியில் ஊற்றிய டீசலைத் தராசில் நிறுக்க வேண்டும். பங்க்கில் தொட்டி நிரப்பிக் கணக்குப் பார்த்தால், 60 லிட்டர் செலவில் 2 லிட்டர் மிச்சத்தை நுரையும் வண்டியின் சாய்வுமே விழுங்கிவிடும். இரு லாரிகளின் செலவு விகிதம் மூன்று ஓட்டங்களில் 2 விழுக்காட்டுக்குள் ஒத்துவந்த பிறகே பொருளை மாட்டி மறுபடி ஓட்ட வேண்டும். "போன மாதம் 4 ஓடியது, இந்த மாதம் 4.3 ஓடுகிறது" என்பதில் ஓட்டுநர், பாரம், பாதை, பருவக்காற்று எல்லாம் கலந்திருக்கின்றன.

எங்கள் வேண்டுகோள் மூன்று. வானூர்தித் துறை உள்ள கல்லூரிகள், இறுதியாண்டுத் திட்டப்பணிகளில் ஆண்டுக்கு இரண்டையாவது நம் பட்டறைகளில் கட்டப்படும் பாடிகளுக்கு ஒதுக்க வேண்டும். முடிவோடு ரெனால்ட்ஸ் எண், அடைப்பு விழுக்காடு, கொந்தளிப்பு அளவு, சாய்கோணம் ஆகியவற்றையும் தமிழில் வெளியிட வேண்டும். பொருள் விற்பவர்கள், எந்த வேகத்தில், எந்தப் பாரத்தில், எந்த முறையில் அளந்தது என்று சொல்லாமல் விழுக்காட்டை அச்சடிக்கக் கூடாது. வாங்குபவர்கள் முதலில் அதைக் கேட்க வேண்டும். மூன்றாவது அரசுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் தன் விதியைத் திருத்தி, பின்புறக் காற்றுப் பலகைகளுக்காக வண்டி நீளத்தில் சலுகை தந்தது. சரக்கு ஏற்ற முடியாத, மடக்கக்கூடிய பலகைகளுக்கு இங்கும் அப்படி ஒரு சலுகையைப் போக்குவரத்து அமைச்சகம் பரிசீலிக்கலாம். அதற்கு வேண்டிய அளவைகளை இங்கிருந்தே கொடுக்க முடியும்.

பட்டறைக்காரர்கள் தாங்கள் அதிகம் கட்டும் மூன்று பாடிகளின் நீள, அகல, உயரத்தையும், கேபினுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியையும், முன்மூலை மடிப்பின் அளவையும் ஒரு தாளில் வரைந்து அருகிலுள்ள கல்லூரியில் கொடுத்தால் போதும். மரத்திலோ முப்பரிமாண அச்சிலோ மாதிரி செய்ய இரண்டு வாரம், சுரங்கத்தில் அளக்க ஒரு வாரம். அடுத்த பருவத் திட்டப்பணிகள் முடிவாகும் முன் கொடுத்துவிட்டால் இந்தக் கல்வியாண்டிலேயே எண்கள் கைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
காற்றியக்க ஆய்வகங்களில் பணிபுரியும் பொறியாளர்கள் மூவர்,
சேலம்.